கோடியக்கரைச் சாலை

வேதாரண்யத்திலிருந்து தெற்கே கோடியக்கரைக்குப் போகும் சாலை சுமார் 11 கிலோமீட்டர்தான். ஆனால் ஜனவரியில் பறவை பார்க்கப் புறப்பட்டால் அதைக் கடக்க விடிந்து பொழுது சாயும் வரை ஆகும். இங்கே பறவையைத் தேடுமுன் தண்ணீரைப் பார்க்கப் பழக வேண்டும். அதன் ஆழத்தையும் உப்பையும் பொறுத்துத்தான் பறவை இறங்கும்.

ஊரைத் தாண்டினால் அகத்தியம்பள்ளி. 1930-இல் திருச்சியிலிருந்து நடந்துவந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளியதன் நினைவுத் தூண் இங்கே இருக்கிறது. சுற்றிலும் இன்றும் உப்பளங்கள்தான். கடல்நீர் முதலில் ஏறும் பெரிய பாத்திகளில் உப்பு குறைவு. மீன்குஞ்சும் புழுவும் பிழைத்துக் கிடக்கும். நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும் அங்கேதான் மேயும். உப்பு பூக்கும் கடைசிப் பாத்திகளில் இரை கிடையாது, பறவையும் கிடையாது. காலையில் மேற்கே பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், நிறம் தெளிவாகத் தெரியும்.

அந்த மேற்குப் பக்கத்தில் விரியும் பெருஞ்சதுப்பு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை போகிறது. 2002-இல் 38,500 ஹெக்டேர் ராம்சார் தலமானது. ஐப்பசி, கார்த்திகை மழை அளவாகப் பெய்தால் சேறு இளகி, முழங்காலளவுத் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் இரையை வடிகட்டித் தின்னும். மழை கொட்டித் தீர்த்தால் குட்டைக்கால் உள்ளான்களுக்கு நிலை கிடைக்காது, ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும். மழை பொய்த்தால் சதுப்பு சீக்கிரமே உப்பேறி வறண்டுவிடும். சைபீரியத் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் பறந்துவரும் வளைமூக்கு உள்ளானுக்கு அந்த ஆண்டு பந்தி பாதியிலேயே முடிந்துவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிடுகிறார்கள்.

கோடியக்காட்டில் சாலை மரநிழலுக்குள் நுழைகிறது. பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைமாறாக் காடு. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல் இங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கிவரும் ஆறுமணிக்குருவி இந்தக் காட்டில்தான் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். ராமர் பாதம் இருக்கும் மணல்மேட்டில் ஏறினால் காடும் சதுப்பும் சேர்ந்து தெரியும்.

கோடியக்கரையில் புல்வெளியும் வெளிமானும்; அப்பால் கடல். மாலையில் கரையோரம் ஆலாக்களும் கடற்காகங்களும் கூடும்.

1967-இல் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்தது வெளிமானுக்காக. மானுக்குக் காட்டையும் புல்லையும் காத்தால் போதும். பறவைக்குத் தண்ணீரைக் காக்க வேண்டும். சதுப்புக்கு நன்னீர் கொண்டுவரும் வடிகால்களின் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் கோடியக்கரைப் பறவைகளுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி.