பதில் வராத விண்ணப்பங்கள்



“தம்பி, வேலை ஏதாவது அமைந்ததா?” என்று நாம் அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் படிப்பை முடித்து ஓராண்டாக வீட்டிலிருக்கும் பிள்ளையின் காதில் அந்தக் கேள்வி எவ்வாறு விழுகிறது என்பதை, நம் சபையின் வாலிபர் சிலரோடு தனித்தனியே பேசியபோது அறிந்துகொண்டேன். “இருநூறு இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன், ஐயா. வேண்டாம் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை” என்றான் ஒருவன். மறுப்பைவிட அந்த மௌனமே அவனை அதிகமாக வாட்டியிருந்தது. தன்னை யாரோ எடைபோட்டுப் பார்த்து, குறைவுள்ளவன் என்று தள்ளிவிட்டார்கள் என அவன் நம்பத் தொடங்கியிருந்தான்.

உண்மையில் அவனை யாராவது எடைபோட்டார்களா? இதற்கு விடை காண, நம் பிள்ளைகள் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் இணைய வேலைவாய்ப்புத் தளங்கள் எப்படி இயங்குகின்றன என்பதை நாம் சற்றே அறிந்துகொள்வது நல்லது.

நம்மில் மூத்தவர்கள் வேறு வழியில் வேலை தேடியவர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து, அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். செய்தித்தாளின் விளம்பரங்களை வட்டமிட்டு, தபாலில் விண்ணப்பம் அனுப்பினோம். 1997இல் சஞ்சீவ் பிக்சந்தானி என்பவர் ‘நௌக்ரி’ என்னும் தளத்தைத் தொடங்கினார். அவர் முன்பு பணியாற்றிய அலுவலகத்துக்கு ஒரு வணிக இதழ் வரும். உடன் பணிபுரிந்தோர் அதைப் பின்பக்கத்திலிருந்தே புரட்டத் தொடங்குவார்களாம். வேலை விளம்பரங்கள் அங்கேதான் இருந்தன. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுகிறார்கள் என்பதை அவர் அப்போது கண்டுகொண்டார். பின்னர் நாளிதழ்களில் சிதறிக் கிடந்த விளம்பரங்களைத் திரட்டி ஒரே இடத்தில் இட்டார். அமெரிக்காவில் ‘மான்ஸ்டர்’ தளம் 1994இலேயே தோன்றியிருந்தது. ‘லிங்க்ட்இன்’ 2003இலும் ‘இன்டீட்’ 2004இலும் வந்தன. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015இல் தொடங்கியது. தனியார் துறை வேலைகளுக்கென்று தமிழ்நாடு அரசு 2020இல் ஒரு தளத்தைத் திறந்தது. அரசுத் தளங்கள் இரண்டும் கட்டணமில்லாதவை.

தனியார் தளங்களிலும் வேலை தேடுவோர் பெரும்பாலும் பணம் கட்டாமலே பதிவு செய்யலாம், விண்ணப்பிக்கலாம். பணம் கொடுப்பது வேலை தரும் நிறுவனம். அது இரண்டு காரியங்களுக்காகக் கொடுக்கிறது. முதலாவது, தன் விளம்பரத்தை அங்கே இடுவதற்கு. இது நம் பிள்ளைகள் அறிந்ததே. இரண்டாவது, தளத்தில் குவிந்துள்ள தன்விவரக் குறிப்புகளுக்குள் தேடுவதற்கு. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆள் தேடும் அலுவலர், தமக்கு வேண்டிய திறமையின் பெயர், அனுபவ ஆண்டுகள், ஊர், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடுகிறார். அந்தச் சொற்கள் உள்ள குறிப்புகள் ஒரு வரிசையாக வருகின்றன. அண்மையில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் காட்டு என்றும் அவர் கேட்கலாம். வரிசையின் தொடக்கத்தில் உள்ளவர்களைப் பார்த்துச் சிலரைத் தெரிந்துகொண்டதும் அவருடைய வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சிய குறிப்புகள் திறக்கப்படுவதேயில்லை.

ஆகவே அந்த மகனுக்கு நான் சொன்னது இதுதான்: “அந்த இருநூறில் பெரும்பாலானவற்றை மனிதக் கண் பார்த்தே இராது. பார்க்கப்படாத ஒருவனை யாரும் நியாயந்தீர்க்கவில்லை.” பிரியமானவர்களே, மௌனம் வேறு, தீர்ப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணியே பல வாலிபர்கள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிச் சொன்னதால், முயற்சி வீண் என்று எண்ணிவிடாதிருங்கள். இயங்கும் முறை தெரிந்தால் அதற்கேற்ப நடக்கலாம். நம் சபையின் மகள் ஒருத்தி, பி.காம். படித்தவள், ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டாண்டு கணக்கு எழுதினாள். தன் குறிப்பில் “அக்கவுண்ட்ஸ் வேலை” என்று மட்டுமே எழுதியிருந்தாள். டேலியில் பதிவு செய்வதும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வதும், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அவள் நாள்தோறும் செய்தவை. ஆனால் தேடுகிறவர் இடும் அந்தச் சொற்களில் ஒன்றும் அவளுடைய குறிப்பில் இல்லை. தணிக்கை அலுவலகத்தில் பணிபுரியும் நம் சபையின் அண்ணன் ஒருவர் அவளோடு ஒரு மாலை உட்கார்ந்து, அவள் உண்மையாகவே செய்தவற்றைத் தெளிவாக எழுதவைத்தார். இல்லாத திறமை எதையும் சேர்க்கவில்லை. அதற்குப் பின்பே அவளுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின.

திராட்சத்தோட்டத்து வேலையாட்களைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். நாம் அதில் கூலியைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். வேலைக்கு ஆள் எடுக்கப்பட்ட விதத்தையும் சற்றுக் கவனியுங்கள். கடைத்தெருவே அக்காலத்து வேலைவாய்ப்புத் தளம். வேலையற்றோர் அங்கே வந்து நின்றார்கள். வீட்டெஜமான் அதிகாலை தொடங்கி ஐந்து முறை தாமே புறப்பட்டுப் போனார். பதினோராம் மணி வேளையில், அதாவது மாலை ஐந்து மணியளவில், அங்கே இன்னும் சிலர் நின்றார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, தங்களை எவரும் அழைக்கவில்லை என்றார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாள் முழுவதும் காத்திருந்தவர்கள். கடைத்தெருவில் அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி நின்றார்கள். ஆகையால் கடைசி வேளையிலாவது ஒருவர் கண்டுகொண்டார். இணையக் கடைத்தெருவிலோ, மாலை ஐந்து மணி வரை நிற்பவன் ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. தன் அறையில், கைப்பேசியின் முன்பாக, அவன் தனியே நிற்கிறான். அவனை நாம்தான் போய்க் காணவேண்டும்.

காணாவிட்டால் வேறு சிலர் காண்பார்கள். காத்திருந்து சோர்ந்த உள்ளத்தை மோசக்காரர் எளிதில் அறிந்துகொள்கிறார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் முன்பணம் என்று பல பெயர்களில் பணம் கேட்பார்கள். நேர்மையான நிறுவனம் வேலை கொடுப்பதற்காகப் பணம் வாங்குவதில்லை. 2022இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவதி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். வெளிநாட்டு வேலை என்று யாராவது சொன்னால், அந்த முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

தளம் இரண்டு பட்டியல்களை இணைக்கிறது. ஆனால் இவன் நேரந்தவறாதவன், இவளிடம் பணப்பெட்டியை நம்பி ஒப்படைக்கலாம் என்று சாட்சி சொல்ல அதனால் இயலாது. ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிற நம்மால் இயலும். நம் சபையில் வங்கி ஊழியர், செவிலியர், பட்டறை உரிமையாளர், பள்ளி நிர்வாகி என்று பலர் இருக்கிறீர்கள். உங்கள் பணியிடத்தில் ஆள் தேவையென்றால் அதைச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில், ஊழியர் பரிந்துரைக்கும் குறிப்பை ஒரு மனிதர் எடுத்து வாசிக்கிறார். தகுதியில்லாதவரைத் தகுதியுள்ளவர் என்று சொல்லும்படி நான் கேட்கவில்லை. தகுதியுள்ளவரை மறைவில் விட்டுவிடாதிருக்கவே கேட்கிறேன்.

பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சாப்பாட்டு வேளையில் பேசாதிருங்கள். வாலிபரே, வாரம் ஒருமுறையாவது உங்கள் குறிப்பைத் திருத்திப் புதுப்பியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாம்களுக்கும் நேரில் செல்லுங்கள். வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சபைக் கூடத்தில் சில மூத்தவர்கள் மடிக்கணினியோடு அமர்ந்திருப்பார்கள். உங்கள் குறிப்பைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம். வர மனமில்லாத பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், எனக்குத் தெரிவியுங்கள். நான் அவனைத் தேடி வருகிறேன்.

காத்திருக்கும் நம் பிள்ளைகளைக் கர்த்தர் தாமே திடப்படுத்தி, அவர்களைக் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.