ரேஸ் கேன்சல்னா குதிரைக்கு யாரு சொல்றது?

காலையில செந்தூல்ல பசியாறிக்கிட்டு இருந்தேன்.
பக்கத்து மேசை ஐயா ஒரு காலத்துல சுங்கை பீசி ரேஸ் கோர்ஸ்ல குதிரை பராமரிச்சவராம்.

"ரேஸ் கேன்சல்னா நமக்குத்தான் லீவு தம்பி. குதிரைக்கு ஏது?"

பந்தயக் குதிரைக்குத் தானியத்தீனி அதிகம்.
ஓட்டம் நின்னா தீனியையும் குறைக்கணும், கையில பிடிச்சு நடத்தணும்.
இல்லேன்னா மறுபடி ஓட விடும்போது தசை இறுகி அப்படியே நின்னுடும்.
ஞாயிறு முழுக்கத் தின்னு படுத்தா திங்கட்கிழமை கால் நகராது.
(எனக்கும் இதேதான். தானியம் மட்டும் வேற, நாசி லெமாக்.)

2020 மார்ச்ல நடமாட்டக் கட்டுப்பாடு (எம்சிஓ) போட்டப்போ நாம வீட்டுக்குள்ள. லாயத்து ஆளுங்களுக்கு அந்த வசதியும் இல்ல.

இங்கிலாந்துல தடை தாண்டுற ரேஸ் குளிர்காலத்துலதான் மும்முரம். தரை உறைஞ்சா அன்னிக்கு ரேஸ் இல்ல.
2001ல கோமாரி நோயால செல்ட்டன்ஹாம் ரேஸ் விழாவே நடக்கல.
ஆனா அங்க அடுத்த வருசம்னு ஒண்ணு இருந்துச்சு.

இங்க?
சிங்கப்பூர் கிராஞ்சியில கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5.
1864ல ஆரம்பிச்ச பினாங்கு கிளப்பும் 2025 மே மாசத்தோட ஓட்டத்தை நிறுத்திடுச்சு.
இது கேன்சல் இல்லீங்க, கடையைக் கட்டுறது.

குதிரை 25 வருசம்கூட வாழும். ஓடுறது அதுல கொஞ்ச வருசம்தான்.

மிச்சத்துக்குத் தீனி யாரு போடுறது?
முதலாளியா, கிளப்பா?
இல்ல, பந்தயம் கட்டினவங்க ஆளுக்கொரு மூட்டை ஓட்ஸ் வாங்கித் தருவீங்களா?