மேசையின் எந்தப் பக்கம்?

கம்பனிகளிலே மனித வள அதிகாரிகளாகக் கடமையாற்றும் எமது பழைய மாணவர் சிலரை அவ்வப்போது சந்திக்கின்றோம். அவர்களது முறைப்பாடு ஏறத்தாழ ஒன்றுதான். கணக்காளருக்கும் விற்பனை முகாமையாளருக்கும் பணிப்பாளர் சபையிலே உள்ள இடம் தமக்கு இல்லை. லீவுப் பதிவேடு பார்ப்பதற்கும் ஆண்டு விழாவுக்கு மாலை வாங்குவதற்குமே தம்மை வைத்திருக்கிறார்கள் என்பது. தொழிலாளர் தம்மைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகின்றனர் என்ற மனத்தாங்கலும் அவர்களுக்கு உண்டு. முதலாவதை உரத்துச் சொல்கிறார்கள். இரண்டாவதைத் தணிந்த குரலிலேதான் சொல்கிறார்கள். எமக்கோ இரண்டாவதே முக்கியமானதாகப் படுகின்றது.

முதலாவது குறை பழையது. 1954இலேயே பீற்றர் டிரக்கர், ஆளணி நிருவாகி என்பவர் பாதி இலிகிதர், பாதி சமூக சேவகர், தொழிற்சங்கம் தீமூட்டும்போது அணைக்க ஓடுபவர் என்ற கருத்துப்பட எழுதிவிட்டார். 1997இல் டேவ் உல்றிச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இத்தொழிலுக்கு நான்கு பாத்திரங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று வியூகப் பங்காளி. இன்னொன்று ஊழியருக்காக வாதாடுபவர். முதற் பாத்திரத்தின் பெயர் இன்று மாநாடுகளிலே மந்திரம் போல் ஓதப்படுகின்றது. மற்றையதை மேடைகளில் எப்போதாவதுதான் கேட்கிறோம்.

இத்தொழில் தொடங்கிய விதம் வேறு. 1896இல் இங்கிலாந்தின் யோர்க் நகரத்து றௌன்றீ கொக்கோத் தொழிற்சாலையில், பெண் தொழிலாளரின் நலன் பார்ப்பதற்கென ஒரு பெண்மணி நியமிக்கப்பட்டார். அத்தகையோர் 1913இல் அமைத்த சங்கத்தின் பெயரில் 'நலன்' என்ற சொல் இருந்தது. பின்னர் அது 'தொழிலாளர்' ஆயிற்று. அதன்பின் 'ஆளணி' ஆயிற்று. இப்போது எங்கும் 'மனித வளம்'. காடும் கடலும் கனியமும் வளங்கள் என்று படித்தோம். அந்த வரிசையிலே மனிதனும் சேர்ந்துகொண்டான்!

நமது நாட்டிலே இத்தொழிலின் மூதாதையைத் தேடினால், கொக்கோத் தொழிற்சாலைப் பெண்மணியிடம் அல்ல, பெருந்தோட்டத்துப் பெரிய கங்காணியிடமே போய்ச் சேர்வோம். ஆள் சேர்த்தவர் அவர். முன்பணம் கொடுத்தவர் அவர். வேலைக்கு இறங்கிய ஆட்களின் எண்ணிக்கைப்படி தலைக்காசு வாங்கியவரும் அவரே. தொழிலாளியின் கடனைத் துண்டிலே எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற அவரைத் தொழிலாளி எந்தப் பக்கத்தவர் என்று கருதினான் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய அதிகாரி கங்காணி அல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர் பட்டம் பெற்றவர், தாமும் மாதச் சம்பளம் வாங்குபவர். சட்டமும் இடையிலே வந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிலையத்தில், ஓராண்டினுள் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால், அவரது எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஆணையாளரிடம் போவதைவிடச் சம்மதத்தை வாங்குவது முதலாளிக்கு எளிது. அதை வாங்கித்தர ஒருவர் வேண்டும் அன்றோ?

2020இல், கொரோனா காலத்தில், வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் ஓடர்களை இரத்துச் செய்தபோது, கட்டுநாயக்க வலயத்தின் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எமது மாணவி ஒருவருக்கு இப்பணி வந்து சேர்ந்தது. சுயவிருப்பின் பேரில் விலகுவதாகக் கடிதங்கள் சிங்களத்தில் தட்டச்சாகி அவர் மேசைக்கு வந்தன. வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். "மிஸ், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள்.

"எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன் சேர்," என்றார் அவர். "கையெழுத்து வைக்காமலும் இருக்கலாம் எண்டு அதில எழுதியிருக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

அந்த மாத முடிவில் பணிப்பாளர் ஒருவர் முதன்முறையாக அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டினாராம். அவர் இத்தனை காலம் கேட்டிருந்த இடம் இப்படித்தான் கிடைத்தது.

1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், எத்தகைய பதவியில் இருப்பினும் ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர் எவரும் தொழிலாளியே என்று விரிவாக வரையறுக்கிறது. அயல் நாடான இந்தியாவின் சட்டம் முகாமையாளரை விலக்கிவைக்க, நமது சட்டமோ அவர்களையும் உள்ளடக்கியது. ஆகவே எமது மாணவியும், நாளை அவருக்குக் கடிதம் நீட்டப்பட்டால், 1957இன் திருத்தத்தால் உருவான தொழில் நியாய சபையின் படியேறலாம். வங்கிகளிலே உத்தியோகத்தரும் சங்கம் அமைத்திருக்கிறார்கள். மனித வள அதிகாரிகளுக்கோ பரீட்சை நடத்திச் சான்றிதழ் வழங்கும் தொழில்வாண்மை நிறுவனம் உண்டு. சம்பளத்துக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் பேரம் பேசும் சங்கம் உண்டென்று நாம் கேள்விப்பட்டதில்லை.

இதை எடுத்துச் சொன்னபோது, "எங்களுக்குச் சங்கமோ சேர்?" என்று அவர் சிரித்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, அந்தப் பெண்களுள் ஒருத்தி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்திருப்பதாகவும், கடிதம் வாங்கிய விதம் பற்றித் தம்மை விசாரணைக்கு அழைத்திருப்பதாகவும் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்று கம்பனிச் சட்டத்தரணி ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து எம்மிடம் நீட்டினார்.