சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது

எங்கள் பழவேற்காடு பக்கத்தில் ஹெலிகாப்டர் என்றால் இன்னமும் வேடிக்கைதான். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, இந்தப் பக்கம் மீனவக் குப்பங்கள். எப்போதாவது ஒன்று தாழ்வாகப் பறந்தால், வலை காயும் மணலில் பிள்ளைகள் அதன் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். பெரியவர்களும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அது நம் ஊரில் இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

இறங்கும் நாள் வரலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்திலும் ஹெலிகாப்டர்கள் வந்து ஆட்களை மீட்டதையும் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதையும் நாம் பார்த்தோம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் குடியிருக்கிற எங்களுக்குப் புயல் ஒன்றும் புதிதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

"பி.காம் படிக்கிறவனுக்கு ஹெலிகாப்டரைப் பற்றி என்னப்பா தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது கேதார்நாத்தில் நடந்த ஒரு விபத்து.

2023 ஏப்ரல் 23. கோயில் நடை திறக்க இன்னும் இரண்டே நாட்கள். யாத்திரைக்கான ஹெலிகாப்டர் ஏற்பாடுகளைப் பார்வையிட, உத்தராகண்ட் அரசின் விமானப் போக்குவரத்து மேம்பாட்டு ஆணைய அதிகாரி ஒருவர் அங்கே போயிருந்தார். ஹெலிகாப்டரின் வால் விசிறி அடித்து இறந்துபோனார். அவருடைய பதவி ஃபைனான்ஷியல் கன்ட்ரோலர். அதாவது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆசைப்படுகிற நாற்காலி! வேடிக்கை பார்க்க வந்த சின்னப் பையன் இல்லை அவர். ஹெலிகாப்டர் சேவையையே வேலையாகக் கவனிக்கும் துறையில் இருந்தவர். அவருக்கே இப்படி என்றால் நம் கதி என்ன?

அவ்வளவு பெரிய விசிறி எப்படிக் கண்ணில் படாமல் போகும்? எனக்கும் முதலில் இதுதான் புரியவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350, 380 தடவை சுற்றும். பெல் 206 என்ற சிறிய ஹெலிகாப்டரின் மேல் விசிறியும் ஏறக்குறைய அதே போலத்தான், சுமார் 400 சுற்று. ஆனால் ஃபேன் இறக்கையின் நீளம் இரண்டு அடி. ஹெலிகாப்டர் இறக்கையோ 5 மீட்டர். அதனால் ஃபேன் இறக்கையின் நுனி மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் போனால், இதன் நுனி 750 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது!

வால் விசிறி இன்னும் மோசம். அது சிறியது, நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்று. இரண்டு இறக்கை என்றால், ஒரே இடத்தை ஒரு வினாடியில் 80 தடவைக்கு மேல் வெட்டிக்கொண்டு போகிறது. வினாடிக்கு ஐம்பது அறுபது தடவைக்கு மேல் வந்துபோகும் எதையும் நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே இறக்கை இருக்கும் இடத்தில் நமக்குத் தெரிவது வெறும் காற்றும் அதற்குப் பின்னால் இருக்கும் காட்சியும்தான். இரைச்சலோ நாலா பக்கமும் ஒரே மாதிரி கேட்கிறது. காதும் உதவாது. பைலட்டுக்கும் வால் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது நண்பர்களே. "பார்த்துப் போ, ஜாக்கிரதையா இரு" என்று சொல்வதெல்லாம் கண்ணை நம்பிச் சொல்கிற புத்திமதி. கண்ணுக்கே தெரியாத ஒன்றிடம் அது செல்லாது. முன்கூட்டியே ஒரு விதி போட்டுக்கொண்டு, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதன்படி நடப்பதுதான் ஒரே வழி.

விமானத் துறையில் உலகம் முழுக்கச் சொல்லித் தருகிற அந்த விதிகளை எங்கள் ஊருக்குத் தகுந்தபடி எழுதுகிறேன்:

1. ஹெலிகாப்டர் இறங்கியதும் ஓடாதீர்கள். பைலட்டோ கூட வந்தவரோ கை காட்டும்வரை தள்ளி நில்லுங்கள்.

2. பைலட்டின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகவோ, முன்பக்கத்தை ஒட்டிய பக்கவாட்டிலோதான் போகவேண்டும். வால் பக்கம் போகவே கூடாது. இந்தப் பக்கக் கதவிலிருந்து அந்தப் பக்கக் கதவுக்குப் போவதென்றாலும் மூக்கைச் சுற்றித்தான் போகவேண்டும்.

3. குனிந்து போங்கள். விசிறியின் வேகம் குறையக் குறைய இறக்கைகள் தொங்கும். காற்று அடித்தால் இன்னும் தாழும். எங்கள் ஏரிக்கரைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "நிற்கப் போகுது, இனி பயமில்லை" என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

4. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து போகாதீர்கள். நீங்கள் ஏறி நிற்கும் ஒவ்வொரு அடியும் இறக்கைக்கு ஒரு அடி பக்கம்.

5. துடுப்பு, கழி, குடை எதையும் தோளில் நிமிர்த்தி வைக்காமல், இடுப்புக்குக் கீழே படுக்கையாகப் பிடியுங்கள். தொப்பியோ துண்டோ பறந்தால் விட்டுவிடுங்கள்.

6. காயப்போட்ட வலை, தார்ப்பாய், பிளாஸ்டிக் கூடை எல்லாவற்றையும் முன்பே அகற்றுங்கள். விசிறிக் காற்றில் மேலே எழும்பி அவை இறக்கையில் சிக்கினால், உதவ வந்தவர்களுக்கும் ஆபத்து.

7. மணல் பறந்து கண் தெரியவில்லையா? அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். தடவிக்கொண்டு நடக்காதீர்கள்.

விமான நிலையத்திலும் இதே கதைதான். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் பறந்த ஏடிஆர் விமானத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆறு இதழ் விசிறி. அதில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், சாமான் கதவு முன்பக்கம். பயணி விசிறியின் பக்கமே நடக்கத் தேவையில்லாதபடி வைத்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் "ஜாக்கிரதை" சொல்லவேண்டியதில்லை, கதவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் பயிற்சி பெற்றவர்கள் நடுவிலும் விதி ஒரு கணம் தவறினால் போதும். 2015 டிசம்பர் 16 அன்று மும்பை விமான நிலையத்தில், ஐதராபாத் கிளம்பிய ஏர் இந்தியா ஏர்பஸ் ஏ319 விமானம், தரையில் இருந்த டெக்னீஷியன் விலகுவதற்கு முன்பே நகரத் தொடங்கியது. அவர் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார்.

எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வரும். பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக்கூடாது. அவர் திருடர் என்பதால் இல்லை. நல்லவரும் ஒருநாள் அசருவார், அப்போது இன்னொருவர் கண்ணில் அது படவேண்டும் என்பதால். விசிறி சுற்றும் இடத்துக்கும் இதுவேதான் பாடம்.

இனி ஊருக்கு வருகிறேன். எங்களிடம் ஹெலிகாப்டர் இல்லை, ஆனால் விசிறி இருக்கிறது. எங்கள் ஃபைபர் போட்டுகள் பலவற்றில் நீளமான தண்டின் முனையில்தான் விசிறி. ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. தரை தட்டாமல் இருக்கத் தண்டைத் தூக்கினால், விசிறி தண்ணீருக்கு மேலே வந்தும் சுற்றும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்று குறைவாக வைத்தாலும், மூன்று இதழுக்கு வினாடிக்கு 75 வெட்டு.

அதே தண்ணீரில், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குனிந்திருந்தால் தலை மட்டும்தான் தெரியும். கரைக்கு வரும் போட்டின் கயிற்றைப் பிடிக்கத் தண்ணீரில் குதிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் சித்தி மகனுக்கு எட்டு வயது. அதில் அவன்தான் எப்போதும் முதல் ஆள்.

2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி எல்லாரும் பேசினோம். விசிறியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேச்செடுத்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "இத்தனை வருஷமா நடக்காததா தம்பி இனிமே நடக்கப் போவுது?" என்றார். பேலன்ஸ் ஷீட்டில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று உண்டு. இன்னும் கடனாகவில்லை, ஆகாமலும் போகலாம். ஆனாலும் அடியில் குறிப்பாக எழுதித்தான் ஆகவேண்டும். பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு வந்தேன்.

என் மாமாவிடம் மட்டும் விடவில்லை. "மாமா, கரைக்கு இருபது அடி இருக்கும்போதே இஞ்சினை நிறுத்திட்டு, கழி ஊன்றி வரலாமே" என்றேன். "டீசலும் மிச்சம்டா" என்று உடனே ஒத்துக்கொண்டார் (மீனவனுக்கும் காமர்ஸ் தெரியும்!). கிளம்பும்போது அணியத்தில் நிற்கிறவர் தண்ணீரில் யாரும் இல்லை என்று பார்த்துக் கையைத் தூக்கினால்தான் இஞ்சினை எடுப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம். சித்தி மகனுக்கும் ஒரு வேலை கொடுத்தாயிற்று. மாமா கயிற்றை வீசும்வரை கரையில் நின்று மற்றப் பிள்ளைகளை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ரொம்பப் பெருமையாகச் செய்கிறான்.

இதுவரை ஒரே ஒரு போட்டில்தான் இது நடக்கிறது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் மற்ற போட்டுக்காரர்களிடமும் பேசுவதாக மாமா சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரிலும் ஆறோ ஏரியோ கடலோ இருந்தால், போட் கரைக்கு வரும்போது இஞ்சின் எங்கே நிற்கிறது, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரே ஒரு தடவை கவனித்துப் பாருங்களேன்.