ஒரு சின்ன அடையாளத்துக்குப் பதினைந்து வருஷம்

"உங்க பொண்ணு என்னதான் வேலை பாக்குறா?" என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்க்கத் திரும்பிக்கொள்வேன். கேட்டவர்களுக்கும் அது போதும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவளுக்கு அதற்கு மேல் சொல்லவும் வராது. ஆனால் தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தும் இங்கேதான், திண்டுக்கல் நாகல் நகரில், எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையால் தட்டிக்கொண்டிருப்பவளைப் பார்த்தால் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன். அவளும் அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள். நான் விளங்கிக்கொண்ட மட்டும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

நாம் பேசுவதற்குத் தமிழ் இருப்பது போல, கம்ப்யூட்டருக்கு வேலை ஏவுவதற்கு என்று மொழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குப் பைத்தான் என்று பெயர். சிறுமலைக் காட்டு மலைப்பாம்பு ஞாபகம் வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். கீடோ வான் ராஸம் என்ற நெதர்லாந்துக்காரர் அதை உண்டாக்கி 1991-ல் வெளியிட்டார். அவருக்குப் பிடித்த ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தின் பெயரிலிருந்து எடுத்து வைத்தாராம். காசு கொடுத்து வாங்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதில் இன்ன மாறுதல் செய்தால் நன்றாக இருக்கும் என்று யார் வேண்டுமானாலும் மனு எழுதிப் போடவும் செய்யலாம். அந்த மனுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெப்'. நம்பர் போட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஏற்றதும் இருக்கும், தள்ளியதும் இருக்கும், எதையும் கிழித்துப் போடுவதில்லை.

இப்போது மெஷின் லேர்னிங் என்று ஒன்றைப் பற்றி எங்கும் பேச்சு. மெஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. ஃபோனிடம் "பழனிக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று தமிழில் பேசினால் அது எழுத்தாகத் திரையில் வந்து நிற்கிறதே, அது இந்த வித்தைதான். "அதுக்குள்ள மூளை இருக்காடி?" என்றேன். "மூளையெல்லாம் இல்லம்மா. நம்ம குரலை எண்ணா மாத்தி, அட்டவணை அட்டவணையாப் பெருக்குது. கோடிக்கணக்குல பெருக்குது, அவ்வளவுதான்" என்றாள்.

அட்டவணையைப் பெருக்குவதாவது! எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அடுக்களையிலிருந்தே எடுத்துக்காட்டினாள். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: சாம்பார்ப் பொடிக்கு வற்றல் 2 கிலோ, மல்லி 3 கிலோ. ரசப் பொடிக்கு வற்றல் 1 கிலோ, மல்லி 2 கிலோ. இது ஓர் அட்டவணை. முதல் கடையில் வற்றல் 300 ரூபாய், மல்லி 150. இரண்டாவது கடையில் வற்றல் 280, மல்லி 160. இது இன்னொன்று. எந்தப் பொடிக்கு எந்தக் கடையில் வாங்கினால் என்ன செலவு? சாம்பார்ப் பொடிக்கு முதல் கடையில் அறுநூறும் நானூற்றைம்பதும் சேர்ந்து 1,050, இரண்டாவதில் 1,040. ரசப் பொடிக்கு இரண்டு கடையிலும் 600. நாலு விடை வந்துவிட்டதா? இதுதான் அட்டவணைப் பெருக்கல். மாதா மாதம் மளிகைச் சீட்டு எழுதும் நாமெல்லாம் இதை மனசிலேயே போடுகிறோம். யாரும் பட்டம் கொடுக்கவில்லை என்பதுதான் குறை!

சிக்கல் எங்கே என்றால், பைத்தானில் சாதாரணப் பெருக்கலுக்கு ஓர் அடையாளம் உண்டு, இந்த அட்டவணைப் பெருக்கலுக்குத் தனி அடையாளம் கிடையாது. எனவே 'இதை எடு, அதோடு பெருக்கு, அந்த விடையை எடு, அடுத்ததோடு பெருக்கு' என்று அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுத வேண்டியிருந்தது. மகள் ஒரு வரியை எழுதிக் காட்டினாள். சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி இருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதியவருக்கே தெரியாது, பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஓர் அடையாளம் கொடுங்கள் என்று 2000-ஆம் வருஷமே இரண்டு மனுக்கள் போனதாம். இரண்டும் நிறைவேறவில்லை. அதில் ஒன்று, ஒன்றுக்குப் பத்தாகப் புது அடையாளங்களைக் கேட்டிருந்தது. பிறகு 2014-ல் நத்தானியேல் ஸ்மித் என்பவர் மறுபடி எழுதினார். அது பெப் 465. அவர் எழுதிய முறையைத்தான் மகள் எனக்கு வெகு ரசனையாகச் சொன்னாள். முதலில், பழைய மனுக்கள் ஏன் தோற்றன என்று படித்தார். பிறகு இந்தக் கணக்கைச் செய்யும் வெவ்வேறு தொகுப்புக்காரர்களிடம் போய், உங்களுக்கு இது சம்மதமா என்று கேட்டார். ஜனங்கள் எழுதியிருக்கும் நிரல்களில் இந்தப் பெருக்கல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியே காட்டினார். கேட்டதும் கொஞ்சம்தான்: மின்னஞ்சல் முகவரியின் நடுவே வாலைச் சுருட்டிக்கொண்டு வருமே, அந்த '@'. அதையே இரட்டையாகப் போட்டு இன்னொரு அடையாளமும் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டிருந்தார். பேச்சு வளர்ந்தபோது, அது அவ்வளவு அவசியமில்லை என்று தாமே விட்டுக்கொடுத்தார். கீடோ ஒப்புக்கொண்டார். 2015 செப்டம்பரில் வெளிவந்த பைத்தான் 3.5-ல் அடையாளம் வந்து சேர்ந்தது. ஒரே ஓர் எழுத்துக்குப் பதினைந்து வருஷம்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. அந்த அடையாளம் பைத்தானின் சொந்த உபயோகத்துக்கே இல்லையாம். அதன் கூடப்பிறந்த எண்களோ பட்டியல்களோ எதுவும் அதைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து வந்து சேரும் கணக்குத் தொகுப்புகளுக்காகவே ஓர் இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கென்று திண்ணை கட்டி வைத்த வீடு மாதிரி.

இதெல்லாம் சரி, ஓர் அடையாளம் சேர்க்க ஏன் இத்தனை தயக்கம் என்று நான் கேட்கவில்லை. பூட்டுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் மாமனார் பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டி, லீவர் கோத்து, கையாலேயே பூட்டுச் செய்தவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் சட்டைப் பையில் அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டியிருப்பார். பழைய பூட்டில் இன்னும் ஒரு லீவர் சேர்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "பழைய சாவி எத்தனை பேர்ட்ட இருக்கு?" என்பதுதான். இந்த மொழிக்காரர்களுடைய கவலையும் அதே கவலை. புதிதாக ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே லட்சக்கணக்கானவர்கள் எழுதி வைத்தது திறக்காமல் போய்விடக் கூடாது. '@' பைத்தானில் முன்பே வேறொரு காரியத்துக்கு இருந்தது. ஆனால் அது வரியின் தொடக்கத்தில்தான் வரும், இது நடுவில் வரும். எனவே பழைய சாவிக்குப் பங்கமில்லை. 2008-ல் பைத்தான் 3 என்று மாற்றியபோது அப்படி இருக்கவில்லை. பழைய சாவிகள் பல சேரவில்லை. ஜனங்கள் பழையதை விட்டு நகர நகர, பைத்தான் 2-க்கு ஒருவழியாக 2020-ல்தான் விடை கொடுத்தார்கள்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக நடப்பதில்லை. வேறோர் அடையாளத்தைப் பற்றிய சண்டை முற்றி, 2018 ஜூலையில் கீடோவே இனி முடிவு சொல்லும் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார். இப்போது ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்துகிறார்கள். குடும்பத்தில் பெரியவர் சாவிக்கொத்தை இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா! இங்கே நல்லபடியாக நடந்திருக்கிறது.

பெப் 646 என்று இன்னொன்று. இதை நான்கு பேர் சேர்ந்து எழுதினார்கள். அதில் ஒருவர் பெயர் பிரதீப் குமார் ஸ்ரீனிவாசன் என்று மகள் படித்ததும் எனக்கு ஒரு நிமிர்வு வந்தது. நம் பக்கத்துப் பெயரல்லவா? அட்டவணைகளின் வடிவத்தை, அதாவது இது இத்தனை வரிசை, இது அகலம், இது உயரம் என்பதை, நிரலிலேயே குறித்து வைக்க அது வழி செய்கிறது. டப்பாவின் மேல் 'ரவை', 'அரிசி மாவு' என்று சீட்டு ஒட்டுகிறோமே, அதே யோசனை. அடுப்பில் வைத்துக் கிண்டிய பிறகு மாவு மாறிப்போனது தெரிவதைவிட, எடுக்கும்போதே தெரிந்துவிடும். 2020-ல் எழுதியது, 2022-ல் பைத்தான் 3.11-ல் வந்தது.

இனி என் வீட்டுக் கதை. மகளும் இரண்டு பேரும் சேர்ந்து, ஒருவர் புனேயில், இன்னொருவர் போலந்தில், ஒரு கணக்குத் தொகுப்புக்கு இப்படியொரு யோசனை எழுதினார்கள். வடிவம் பொருந்தாமல் பெருக்கப்போனால் வெறும் எண்ணைச் சொல்லித் திட்டாமல், எந்த டப்பா மாறியது என்று பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. குழந்தை ராத்திரி இரண்டு மணிக்குப் பாலுக்கு எழுந்தால், பசியமர்த்தித் தோளில் போட்டுத் தட்டியபடியே இவள் பதிலைப் படிப்பாள். காலையில் எழுதுவாள். இன்ன மணிக்கு வந்து உட்கார் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பச்சைக் குழந்தைக்காரிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டாம். (கட்டிலில் குனிந்தபடி தட்டிக்கொண்டிருந்ததில் இடுப்புவலி வந்துவிட்டது. முதுகுக்குத் தலையணையும், மடிக்கு மேல் உயரமான பலகையும் வைத்துக் கொடுத்தேன். பால் கொடுக்கும்போதும் அதே தலையணை உதவுகிறது.)

மூன்று மாத உழைப்பு. போன மாதம் பதில் வந்தது: ஏற்பதற்கில்லை. எனக்கு வயிறு எரிந்தது. "அதைப் படி பாப்போம்" என்றேன். ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதியிருந்தார்கள். இது எல்லோருடைய வேலையையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். வேண்டியவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளும்படி வெளியே வையுங்கள். இரண்டாவது பகுதியை மட்டும் பிரித்து மறுபடி எழுதுங்கள், அதில் பிரயோஜனம் இருக்கிறது, என்று. அதாவது, பெருங்காயத்தை எல்லோர் குழம்பிலும் போடாதே, பக்கத்தில் வை என்கிறார்கள். மகள் அழுவாள் என்று நினைத்தேன். "இவ்வளவு எழுதியிருக்காங்கன்னா முழுசாப் படிச்சிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சப் போனாள்.

அந்த வாரம்தான் சம்பந்தியம்மா பேரனைப் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தார்கள். நல்ல மனுஷி. பேச்சுவாக்கில், "சம்பளமும் வராத ராத்திரி வேலை, அதையும் வேண்டாம்னுட்டாங்களாமே. பிள்ளைய வளக்குற வயசுல உத்தியோகம் எதுக்கு? விட்டுட்டு வரச் சொல்லுங்க மதினி" என்றார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மகள் முகம் சிவந்தது. இந்த வீட்டில், என் தலைமுறையிலும் அதற்கு முன்பும், பெண்கள் கேட்டதற்கு 'வேண்டாம்' என்ற பதில் வந்திருக்கிறது. ஏன் என்று ஒன்றரைப் பக்கம் யாரும் எழுதியதில்லை.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மளிகைக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சம்பந்தியம்மா முன்னால் வைத்தேன். "என்னென்ன கஷ்டம் வரும்னு நினைக்கிறீங்களோ, எழுதிக் குடுங்க மதினி. அவளும் எழுதட்டும்" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதவே உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நிபந்தனை. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை அலுவலகம் கூப்பிட்டாலும் வெளியூர் போகக் கூடாது. ராத்திரி பத்துக்கு மேல் மெஷினைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தொடவே கூடாது.

முதலாவதை மகள் உடனே ஏற்றுக்கொண்டாள். மூன்றாவதற்கு அரை ஞாயிறு என்று திருத்தம் எழுதினாள். இரண்டாவதற்கு எதிரே, "போலந்தில் அப்போதுதான் சாயங்காலம், வாரத்தில் இரண்டு நாள் விலக்கு வேண்டும். அந்த இரண்டு நாளும் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதிக் கணவரிடம் நீட்டினாள். மாப்பிள்ளை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சம்பந்தியம்மா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறியிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். அரை ஞாயிறு என்றால் காலையா, மத்தியானத்துக்கு மேலா என்று நேற்று ஃபோன் வந்தது.