குறி பார்க்கும் கை

ஓசூர் ஆலைச் சங்கொலி எட்டாத தொலைவில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைச் சிற்றூர்கள் உள்ளன. நாட்டுத் துப்பாக்கி அங்கே புதிதன்று. காட்டுப்பன்றிக்கு அஞ்சி, இரவெல்லாம் பரணில் காவலிருந்த உழவரின் கருவி அது. உரிமமின்றி மறைத்து வைக்கப்பட்டமையால் கள்ள வேட்டைக்கும் பகைக்கும் அது துணைபோயிற்று. காவல்துறையின் அழைப்பை ஏற்றுப் பலர் தாமே முன்வந்து ஒப்படைத்தனர். நல்லதே. ஆயினும் குறி பார்க்கப் பழகிய கையை எங்கே ஒப்படைப்பது?

கருநாடகத்தின் குடகில் வேறு வழக்கம். கைல்போது விழாவில் ஆயுதங்களை வணங்கியபின், உயரக் கட்டிய தேங்காயை ஆண்களும் பெண்களும் ஊரறியச் சுட்டு வீழ்த்துகின்றனர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் குடகர்க்குள்ள உரிம விலக்கு, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

கருமருந்தின் இயல்பையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்தபின் அதில் பாதிக்குமேல் புகையும் கசடுமாக எஞ்சும். அக்கசடு குழலுள் இறுகினால் அடுத்த குண்டு இலக்கைவிட்டு விலகும். ஆகவே, மேலைநாடுகளில் கருமருந்துத் தோட்டாவால் குறிசுடும் போட்டியாளர், ஒவ்வொரு முறை சுட்டதும் சிறு குழாய் வழியே தம் ஈரமூச்சைத் துப்பாக்கிக் குழலுள் ஊதுவர். அல்லது ஈரத்துணியால் துடைப்பர். அவசரக்காரருக்கு வாய்க்காத கலை அது. ஒளித்துச் சுடுபவனுக்கோ அந்த நிதானம் ஏது?

அஞ்செட்டி இளைஞர்க்கும் வெளிப்படையான களம் ஒன்று வேண்டும் என்பது நம் எண்ணம். கருமருந்து வேண்டா, காற்றுத் துப்பாக்கியும் காகித இலக்கும் போதும். ஓசூர் ஆலைகளுக்கு அது பெருஞ்செலவன்று.