சண்டோகான் வராத கடற்கரை

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில் வருகிறது தெலுக் பங்லிமா காராங். ‘சீற்றம் கொண்ட படைத்தலைவனின் விரிகுடா’ என்று பொருள். இன்று கண்ணில் படுவது செம்பனையும் தொழிற்சாலைகளும்தான்.

இந்தப் பெயரைக் கேட்டாலே ‘சண்டோகான்’ நினைவுக்கு வருகிறது. 1976-இல் இத்தாலியின் ராய் தொலைக்காட்சியில் வந்த ஆறு பாகத் தொடர் அது. வெள்ளையரை எதிர்க்கும் கடற்கொள்ளையன் ‘மலேசியப் புலி’யாக நடித்தவர் இந்திய நடிகர் கபீர் பேடி. பாய்ந்து வரும் புலியை அந்தரத்தில் கத்தியால் கிழிப்பாரே, அவரேதான்! படப்பிடிப்பு மலேசியாவிலும் நடந்தது. ஆனால், மூலக்கதை எழுதிய எமிலியோ சல்காரி இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அவர் அறியாத கதை இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. 1873-இல் ஜுக்ரா ஆற்று முகத்துவாரத்தருகே மலாக்காப் படகு ஒன்று கொள்ளையடிக்கப்பட்டது. அதைக் காரணம் காட்டி 1874 பிப்ரவரியில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட் வந்தார். விசாரணை நடந்தது, மரண தண்டனையும் நிறைவேறியது. அடுத்து சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார். ஒரு படகுக் கொள்ளை, ஒரு நாட்டின் ஆட்சியையே மாற்றிவிட்டது.

விடுமுறையில் பிள்ளைகளோடு ஜுக்ரா போய் வாருங்கள். அன்றைய சுல்தான் அப்துல் சமாட்டின் சமாதி அங்கேதான் இருக்கிறது. சண்டோகான் கதையோடு இதையும் சொல்லுங்கள்: கொள்ளையன் யார் என்று முடிவு செய்தது, போர்க்கப்பல் வைத்திருந்தவர்கள்.